வாவிக்கரையிற் கமரா

கல்லடிக் கரையில் நின்று, மாலைச் சூரியனுக்கெதிரே மட்டக்களப்பு வாவியில் வலை வீசும் மீனவரைச் சிறிய இலக்கமுறைக் கமராவினாற் படம் பிடிப்போர் பலர். வானும் நீரும் வனப்புறப் பதிகின்றன. மீனவரின் முகமோ வெறும் நிழலாகி விடுகின்றது. பழி கமராவின்மேல் விழுகின்றது.

உண்மையில் அது தன் கணக்கை வழுவின்றியே செய்கின்றது. காட்சியின் ஒளியைச் சராசரியாக்கி, நடுத்தரச் சாம்பல் நிறமளவில் அமையுமாறு பதிவதே அதன் இயல்பு. மின்னும் நீர் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், ஒளி மிகுந்ததெனக் கொண்டு யாவற்றையும் இருட்டாக்கும். இதனைத் திருத்தவே கூட்டல், கழித்தற் குறிகளையுடைய அமைப்பு உண்டு. கூட்டல் 1 என வைத்தால் இருமடங்கு ஒளி பதியும். வானம் சற்று வெளிறும், முகம் தெளியும். நேயர்கள் எதனை இழக்க விரும்புவர்? வானம் நாளையும் வரும்.

ஆள் கரையில் அண்மையில் நின்றால் பிளாஷ் விளக்கும் உதவும். பகலில் விளக்கா என நகைக்க வேண்டுவதில்லை. ஆயின் அவ்வொளி சில மீற்றருக்கு அப்பால் எட்டாது. தோணியிலுள்ளவருக்கு அதனாற் பயனில்லை.

இரவின் நிலை வேறு. நிலாக்காலத்தில் மீன்பாடும் ஓசை கேட்க, கல்லடிப் பாலத்துக்குச் செல்வோர் ஐஎஸ்ஓ எண்ணை 1600, 3200 என உயர்த்துவர். இத்தகைய கமராக்களிற் பெரும்பாலானவற்றின் உணரி சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. ஆதலின் மணல் தூவினாற்போற் புள்ளிகள் படரும். எண்ணை 100இல் நிறுத்தி, கமராவைக் கரைக்கல்லில் அசையாது வைத்து, 2 வினாடித் தாமதத்தில் எடுப்பதே நன்று. பாலத்தின் கைப்பிடி வாகன அதிர்வுக்கு உட்படும். 8 வினாடி திறந்திருப்பின் நீரில் விழும் விளக்கொளி முழுதும் பதியும். நகரும் தோணி மட்டும் புகைபோற் கலையும்.