ஆற்றில் தண்ணீர் இருந்தால் போதுமா?

திருவாலங்காடு வட்டாரத்தில் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கலாக ஓடும். தை, மாசியில் ஓட்டம் அறுந்து, ஆங்காங்கே மடுக்கள் மட்டும் மிஞ்சும். அடுத்த மழை வரை மீனுக்கு அவைதான் புகலிடம்.

இந்த ஆறு தன்போக்கில் ஓடி வெகுகாலம் ஆகிறது. மேலே கேசாவரம் அணைக்கட்டில் நீரின் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது. கீழே 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் 3,231 மில்லியன் கன அடி கொள்ளும். 1996 முதல் கிருஷ்ணா நீரும் அங்கே சேர்கிறது. தேங்கிய நீர் சென்னையின் குடிநீருக்காகக் கால்வாயில் புழல் பக்கம் போகிறது. பூண்டிக்குக் கீழே எண்ணூர் வரை ஆற்றுக்குப் பெரும்பாலும் உபரிநீர்தான். மாதக்கணக்கில் வறட்சி, மதகு திறந்தால் திடீர் வெள்ளம்.

இப்படி ஓட்டம் மாறிய ஆற்றில் எந்த உயிர் எங்கே தங்கும் என்று அறிய உதவுவது வாழிட வரைபடம். அமெரிக்காவில் 1970-களில் உருவான முறை இது. ஆய்வாளர்கள் ஆற்றில் இறங்கி நடக்கிறார்கள். கோலை ஊன்றி ஆழம் பார்க்கிறார்கள்; கருவியால் நீரின் வேகத்தை அளக்கிறார்கள்; அடியில் இருப்பது மணலா, சரளையா, களிமண்ணா என்று அள்ளிப் பார்க்கிறார்கள். மடு, சலசலத்து ஓடும் இடம், மணல்திட்டு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கிறார்கள். நீர் கூடும்போதும் குறையும்போதும் அதே இடத்தை மறுபடி அளக்கிறார்கள்.

அப்போதுதான் கணக்கு தெரியும். அயிரை மணலுக்குள் புதைந்து வாழும். விராலுக்குச் செடி மண்டிய தேங்குநீர் வேண்டும். எவ்வளவு நீர் விட்டால் எந்த மீனுக்கு எத்தனை பரப்பு மிஞ்சும் என்பதை வரைபடம் காட்டிவிடும். அளவுக்கு மிஞ்சி ஒரேயடியாகத் திறந்தால் குஞ்சுகள் அடித்துச் செல்லப்படும் என்பதும் புலப்படும். மணல் அள்ளிய பள்ளத்திலும் நீர் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மடு போலவே இருக்கும். அடியில் களிமண் மட்டும் மிஞ்சியிருந்தால் அயிரைக்கு அங்கே இடமில்லை.

ஆக, இத்தனை கன அடி திறந்தோம் என்ற கணக்கு மட்டும் ஆற்றைக் காப்பாற்றாது. எந்த மடு எந்த மாதம் வற்றும் என்பது கரையில் ஆடு மேய்ப்பவருக்கும் வலை வீசுபவருக்கும் தெரியும். வரைபடம் போடுகிறவர்கள் முதலில் அவர்களிடம் கேட்கட்டும்.