தேக்கா முதல் முஸ்தஃபா வரை: நடந்து போனால் தெரியும் கதைகள்

தேக்காவுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? சாப்பிட, சாமான் வாங்க, தீபாவளி ஒளியூட்டைப் பார்க்க... கணக்கே இருக்காது.

ஆனால் அங்கிருக்கும் சாலைக்கு ஏன் எருமையின் பெயர்? பழைய கடைவீடுகளின் முன்னால் தரை ஏன் ஏறி இறங்குகிறது? யோசித்ததுண்டா?

அடுத்த முறை போகும்போது கைத்தொலைபேசியைக் கொஞ்ச நேரம் பைக்குள் வைத்துவிடுங்கள். தேக்கா நிலையத்தில் தொடங்கி முஸ்தஃபா வரை, நின்று பார்த்து நடந்தால் சுமார் ஒரு மணி நேரம். வழியில் கவனிக்கச் சில விஷயங்கள் இதோ.

"தேக்கா" தமிழ்ச் சொல்லா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. "தெக் கியா கா" என்றால் சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். ரோச்சோர் கால்வாய் ஓரம் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்தது.

1982-இல் இப்போதைய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டபோது அதற்கு வைத்த பெயர் தேக்கா அல்ல, "ஜூஜியாவ் நிலையம்". அதே பொருள்தான், ஆனால் மாண்டரின் உச்சரிப்பு. படிக்கவும் சிரமம், சொல்லவும் சிரமம். மக்கள் அதைக் கண்டுகொள்ளாமல் "தேக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2000-ஆம் ஆண்டில் பெயர்ப்பலகைதான் மாறியது.

ஆக, ஹொக்கியன்காரர்கள் வைத்த பெயரைத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள்!

எருமைகள் எங்கே?

சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோடு. அடுத்தது கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். அடுத்தடுத்த இரண்டு சாலைகளுக்கு இரண்டு மொழிகளில் ஒரே பெயர்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் கால்நடை வியாபாரத்துக்குப் பேர் போனது. ரோச்சோர் ஆற்றின் தண்ணீரும் கரையோரப் புல்லும் மாடுகளுக்கு வசதியாக இருந்தன. மாடு மேய்க்க, பால் கறக்க, வண்டி ஓட்ட என்று வேலை தேடி வந்த இந்தியர்கள் இங்கேயே குடியேறினார்கள். லிட்டில் இந்தியா இங்கு உருவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பக்கத்திலேயே இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். "கேகே" என்பது கண்டாங் கெர்பாவ். தமிழில் சொன்னால் எருமைக் கொட்டகை! 1966-இல் மட்டும் அங்கே 39,000-க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. உங்கள் அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்தவராக இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கெர்பாவ் ரோட்டில் பல வண்ணங்களில் ஒரு வீடு இருக்கிறதே, எல்லாரும் படமெடுக்கும் வீடு? அது 1900-இல் கட்டப்பட்டது. மிட்டாய் ஆலைகள் வைத்திருந்த டான் தெங் நியா என்ற சீனத் தவுக்கேயின் வீடு. லிட்டில் இந்தியா என்றுமே இந்தியர்கள் மட்டும் வாழ்ந்த இடமாக இருந்ததில்லை.

அஞ்சடியில் ஏன் தடுக்கி விழுகிறோம்?

சிராங்கூன் ரோட்டைக் கடந்து கேம்பல் லேன் பக்கம் வாருங்கள். கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கும். மலாயில் "காக்கி லீமா". நம் பெரியவர்கள் சொல்வது "அஞ்சடி".

வெயிலிலும் மழையிலும் மக்கள் நனையாமல், காயாமல் நடக்க வேண்டும் என்பது 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இருந்தது. தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

ஆனால் அஞ்சடியைக் கட்டியது அந்தந்த வீட்டுக்காரர். ஒருவர் தரையை உயர்த்தினார், இன்னொருவர் தாழ்த்தினார். ஓடுகளும் அவரவர் விருப்பம். அதனால்தான் நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு படி வந்துவிடுகிறது. காலுக்குக் கீழே ஓட்டின் வடிவம் மாறினால், ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு தொடங்குகிறது என்று அர்த்தம்.

யாருக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை?

இந்தப் பக்கத்துச் சாலைப் பெயர்களைச் சத்தமாகப் படியுங்கள். கிளைவ். ஹேஸ்டிங்ஸ். டல்ஹவுசி. வரலாற்றுப் பாடத்தில் வருவது போல இருக்கிறதா? எல்லாரும் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை நடத்தியவர்கள். இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களுக்கு அவர்களை ஆண்டவர்களின் பெயர்!

விதிவிலக்குகளும் உண்டு. கொஞ்சம் தள்ளி இருக்கும் வீராசாமி ரோடு, டாக்டர் என். வீராசாமியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் பெயர் ஒரு சட்ட நிறுவனத்தின் தலைமை எழுத்தராக இருந்தவருடையது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களும், பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த பாவியான் தீவினரும் அங்கே தொழுதார்கள். பந்தயம் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பள்ளிவாசல் முகப்பை அண்ணாந்து பாருங்கள். சூரியக் கடிகாரம் போன்ற வடிவத்தில் 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இறைத்தூதரின் பெயர் அரபு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

பின்சந்துக்குள் ஒரு நிமிடம்

கடைவீடுகளின் முகப்பை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.

முன்பு பல கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நோய் பரவியது. 1907-இல் வெளிவந்த டாக்டர் சிம்ப்சனின் சுகாதார அறிக்கை, வீடுகளுக்குப் பின்னால் சந்து திறக்க வேண்டும் என்றது. பிறகு படிப்படியாக அந்த வேலை நடந்தது.

அந்தச் சந்துகளில்தான் கழிவு வாளிகளைச் சுமந்து தொழிலாளர்கள் நடந்தார்கள். சில பழைய கட்டடங்களின் பின்சுவரில் தரையோரம் அடைக்கப்பட்ட சிறு திறப்பு தெரிந்தால், அது அந்த வாளியை எடுத்த வழியாக இருக்கலாம். சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறைகள் முழுமையாக ஒழிந்தது 1987-இல்தான். உங்கள் பெற்றோர் பள்ளிக்குப் போன காலம்! அந்த வேலையைச் செய்தவர்களின் பெயரில் எந்தச் சாலையும் இங்கே கண்ணில் படாது.

வெர்டூன்: பிரெஞ்சுப் போர் இங்கே எப்படி?

சிராங்கூன் ரோட்டிலேயே மேலே நடந்தால் முஸ்தஃபா கடைத்தொகுதி. அதை ஒட்டிய சாலையின் பெயர் வெர்டூன். அந்த வட்டாரத்திலேயே சோம், மார்ன், கிச்சனர், பெட்டேன் என்று சாலைகள். எல்லாம் முதல் உலகப் போரின் போர்க்களங்கள், தளபதிகள்.

பெட்டேன் அன்று பிரான்சின் வீர நாயகன். இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனியுடன் ஒத்துழைத்ததற்காக 1945-இல் தேசத்துரோகி என்று தண்டிக்கப்பட்டார். சிங்கப்பூரில் அவர் பெயர் இன்னும் சாலையில் இருக்கிறது. பலகையில் ஏறிய பெயர் அவ்வளவு எளிதில் இறங்காது.

பலகையில் இல்லாத பெயர்

வரும் வழியில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்திருப்பீர்கள். முன்பு அதைச் "சுண்ணாம்புக் கம்பம் கோயில்" என்பார்கள். இந்தப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே பாடுபட்ட தமிழர்கள் தங்கள் வேலையையே ஊருக்குப் பெயராக வைத்தார்கள். "கம்பம்" என்பது மலாய் "கம்போங்" தமிழில் ஆன விதம்.

எந்தச் சாலைப் பலகையிலும் இன்று அந்தப் பெயரைப் பார்க்க முடியாது. கிளைவுக்கும் பெட்டேனுக்கும் பலகை இருக்கிறது, சொல்ல யாரும் இல்லாவிட்டாலும் அவை நிற்கும். சுண்ணாம்புக் கம்பத்துக்கும் அஞ்சடிக்கும் இருப்பது மனிதர்களின் வாய் மட்டும்தான். தேக்கா பிழைத்தது அப்படித்தான்: தினமும் யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- கண் மட்டத்துக்கு மேலே பாருங்கள். சில கடைவீடுகளின் உச்சியில் கட்டிய ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்.
- சாலைப் பெயர் விசித்திரமாக இருந்தால் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். பல பெயர்களுக்கு விளக்கம் உண்டு.
- தாத்தா பாட்டியை ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க. "இந்த இடத்தை அப்போ என்னன்னு சொல்வீங்க?"ன்னு கேளுங்க. பதிலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், நண்பர்களோடு நடக்கும்போது "ஃபைவ் ஃபுட் வே" என்பதற்குப் பதிலாக "அஞ்சடி" என்று சொல்லிப் பாருங்கள். யாராவது "அப்படின்னா என்ன?" என்று கேட்டால், விளக்க உங்களிடம் இப்போது கதை இருக்கிறது.