குடவோலையும் புவி வெப்பமும்

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் கேள்வியுறாத தமிழர் அரியர். முதற் பராந்தகன் காலத்தில் ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை அது கூறுகின்றது. நம் சங்க மேடைகளில் அதனைப் பாராட்டாத ஆண்டுவிழா இல்லை. அம்முறை இன்று எதற்கேனும் பயன்படுமோ என வினவுவார்தாம் சிலர். பிரெஞ்சு நாட்டில் அத்தகையதொரு சோதனை நிகழ்ந்துள்ளது.

2018-ஆம் ஆண்டின் இறுதியில், புவி வெப்பத்தைத் தணிக்கும் பொருட்டு எரிபொருள் வரியை மேலும் உயர்த்த அந்நாட்டு அரசாங்கம் முற்பட்டது. நகருக்குத் தொலைவில் குடியிருந்து, நாள்தோறும் வண்டியோட்டி வேலைக்குச் செல்லும் எளிய மக்கள் மஞ்சள் மேற்சட்டை அணிந்து சாலைகளை மறித்தனர். நோக்கம் நன்றேயாயினும் சுமை யார் தலையில் ஏறுகின்றது என்பதே அவர்தம் கேள்வி. வரியுயர்வு கைவிடப்பட்டது.

அதன்பின் குடியரசுத் தலைவர் மக்ரோன் பொதுமக்களையே கலந்துகொள்ள இசைந்தார். தொலைபேசி எண்களைச் சீட்டுப்போல் எடுத்து அழைத்து, வயது, கல்வி, தொழில், வாழிடம் ஆகியவற்றில் நாட்டின் சாயல் அமையுமாறு 150 பேரைச் சேர்த்தனர். (உத்தரமேரூரிலோ வரி செலுத்தும் சொந்த நிலமும் மனையும் இல்லாதார் பெயர் குடத்துள் விழாது, இதனையும் நாம் மறைத்தல் ஆகாது.) 1990-ஆம் ஆண்டின் அளவினின்றும் வெப்ப வாயுக்களை 2030-க்குள் நூற்றுக்கு 40 பங்கேனும் குறைப்பது எங்ஙனம், அதுவும் சமூக நீதி பிறழாமல்? இதுவே அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா. 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை வார இறுதிகளிற் கூடி, அறிஞரை வினவி, தம்முள் வாதிட்டு, 149 யோசனைகளை அளித்தனர்.

மூன்று நீங்கலாக ஏனையவற்றை ஏற்பதாகத் தலைவர் உரைத்தார். ஆயின் சட்ட வரைவு வந்தபோது பல யோசனைகள் இளைத்திருந்தன. 2021 பிப்ரவரியில் அம்மக்கள் மீண்டும் கூடி, தம் யோசனைகளை அரசாங்கம் கையாண்ட விதத்துக்கு 10-க்கு 3.3 மதிப்பெண்ணே அளித்தனர். இரயிலில் 4 மணி நேரத்தில் எய்தக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டா என்பது அவர்கள் யோசனை. அவ்வாண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டமோ இரண்டரை மணி என்றது. ஊர் போய்ச் சேர ஓரிரவும் பகலும் இரயிலிற் கழிக்கும் நமக்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். 2023-இல் தடை நடைமுறைக்கு வந்தபோது, அதில் அகப்பட்டவை பாரிஸிலிருந்து செல்லும் மூன்று தடங்களே.

இத்தனைக்குப் பின்னரும் அந்நாட்டார் சீட்டெடுப்பதை விடவில்லை. 2022 டிசம்பரில், மனிதரின் இறுதிக்காலப் பராமரிப்புக் குறித்து ஆராய 184 பேர் அவ்வாறே அழைக்கப்பட்டனர்.