துறை பல, தேட்டம் ஒன்று

புத்தூரிலுள்ள எம் கல்லூரியில் மாலை வகுப்பு முடிந்து மாணவர் திரும்புங்கால், ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பொருளைக் காணலாம். ஒருவர் கையில் தாளிடை வைத்த செடியின் கிளை. மற்றொருவர் கையில் கணக்கேடு. எம் கையில் தொல்காப்பிய உரை. ‘வேதியியல் பயில்வோன் மருந்து காண்பான், தமிழ் பயில்வோன் காண்பது யாதோ?’ என நண்பர் சிலர் நகைப்பதுண்டு. எம் இல்லத்தாரும் விடுமுறைதோறும் இவ்வினாவையே வேறு சொற்களாற் கேட்கின்றனர். நகைத்தோரைச் சினத்தல் எளிது. விடை கூறுதலே அரிது. அவ்விடையை யாம் தேடியவாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் ஆராய்ச்சி என்பது யாதெனக் காண்போம். முன்னோர் கண்டவற்றைக் கற்றல் கல்வியாம். அவ்வளவில் அமையாது, இதுகாறும் விடை காணாத வினாவொன்றை எழுப்பி, சான்று தேடி, பிறரும் சோதித்தறியுமாறு விடையை முன்வைத்தல் ஆராய்ச்சியாம். இவ்விலக்கணம் எத்துறைக்கும் பொது. ஆராயப்படும் பொருளோ கடல்போல் விரிந்தது. அவ்விரிவைக் காண நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. நம் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நோக்கினாலே போதும்.

பழைய திருச்சி மாவட்டத்தின் வடகீழ்ப் பகுதியாகிய அரியலூர், பெரம்பலூர் நிலங்கள் முன்னொரு காலத்துக் கடலடியிற் கிடந்தவை. அங்குள்ள பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூல் வெளியிட்டார் பிளான்ஃபோர்டு என்னும் நிலநூல் அறிஞர். உழவர் மண்ணிற் கண்டெடுக்கும் சுருள்வடிவக் கற்கள், பல கோடி ஆண்டுகட்குமுன் வாழ்ந்து மடிந்த கடலுயிர்களின் ஓடுகளே. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்லாய் மாறிய மரமொன்று கிடக்கின்றது. அதனை 1940இல் உலகறியச் செய்தவர் எம். எஸ். கிருட்டிணன். இது நிலத்தின் ஏட்டைப் படிக்கும் துறை.

தெப்பக்குளத்தை அடுத்துள்ள தூய வளனார் கல்லூரியில் 1967இல் நிறுவப்பெற்ற இராபினாட் தாவரவகம் உளது. அங்கே உலர்ந்த செடிகள் தாள்களில் ஒட்டப்பெற்று, எடுத்த இடமும் நாளும் எடுத்தார் பெயரும் குறிக்கப்பெற்று, அடுக்கடுக்காய்க் காக்கப்படுகின்றன. நகர்ப்புறத்தே 1993இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உளது. நாம் உண்ணும் வாழையினங்களிற் பெரும்பாலன விதையற்றவை. பக்கக்கன்றினால் வழிவழி வருபவை. ஆதலின் ஒரு தோட்டத்து வாழையெல்லாம் ஏறக்குறைய ஒரே உடம்பின் கூறுகளாம். ஒன்றைக் கொல்லும் வாடல்நோய் அனைத்தையும் கொல்ல வல்லது. காவிரிக்கரை உழவர்க்கு இவ்வாராய்ச்சி உயிர்நிலை போன்றது என்பதை யாரும் மறார்.

மலைக்கோட்டைக் குடைவரையில் ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னனாகிய மகேந்திரவர்மன் பொறித்த எழுத்துக்கள் உள. திருவரங்கத்து மதில்களிலோ பல நூறு கல்வெட்டுக்கள். இது கல்லைப் படிக்கும் துறை. இனி, திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன், ஒளியின் இயல்பை ஆராய்ந்து 1930இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர்.

ஓடும் கல்லும், வாழையும் ஒளியும், எழுத்தும் செடியும் தம்முள் உறவுடையனவோ? மேற்போக்காய் நோக்குவார்க்கு இல்லை என்றே தோன்றும். சற்று நெருங்கிப் பார்ப்போம்.

இராமன் ஒளியை மட்டும் ஆராய்ந்தாரல்லர். தோலை இழுத்துக் கட்டிய சாதாரணப் பறையில் எழும் கிளையொலிகள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கமோ சுருதி சேர்கின்றது. இதற்குக் காரணம், வலந்தலையின் நடுவே கரணை என்றும் சோறு என்றும் வழங்கும் கரும்பூச்சு ஏற்றும் பளுவே என்பதை அவர் 1920இல் வெளியிட்டார். கணிதம் அறியாத கைவினைஞர் செவியாற் கண்டதை அவர் கணிதத்தால் விளக்கினார். இங்கே பௌதிகமும் இசையும் கைகோத்தன.

கல்வெட்டைக் காண்போம். சோழர் கல்வெட்டுக்களிற் பெரும்பாலும் மன்னனது ஆட்சியாண்டே காணப்படும். நாம் எண்ணும் ஆண்டு காணப்படாது. எனினும் சிலவற்றில் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியன குறிக்கப்பெற்றுள்ளன. அம்மூன்றும் ஒருங்கே கூடும் நாள் எதுவென வான்கணிதத்தால் அறியலாம். இவ்வழியே கீல்ஹார்ன் என்னும் செருமானிய அறிஞர் முதலாம் இராசராசன் 985ஆம் ஆண்டின் நடுவில் அரியணை ஏறினான் என நிறுவினார். கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களைக் கணித்து, 1922இல் பெரும் பஞ்சாங்கம் வெளியிட்டுப் பின்வந்தோர்க்கு இவ்வேலையை எளிதாக்கியவர் நம் தமிழரான எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. விண்மீன் நூலின்றி மண்மேல் மன்னன் வரலாறும் தெளிவாகாதன்றோ!

செங்காந்தளை அறியாத தமிழ் மாணவர் இலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் அதுவும் ஒன்று. கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உளது. அது மூட்டழற்சி நோய்க்கு மருந்தாவது. செடியின் உயிரணுக்களில் குரோமோசோம்களை இரட்டிக்கவும் அது வல்லது என்பது 1937இல் அறியப்பட்டது. அதன்பின் பயிர்களிற் புதிய வகை தோற்றுவிப்போர், வாழை ஆராய்வோர் உட்பட, அதனைக் கையாண்டனர். ஆகவே புலவனது மலர் மருத்துவனுக்கும் உழவனுக்கும் உரியதாயிற்று.

நிற்க. இவ்வுறவைக் கண்டு மயங்கி, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சிடுதல் தகாது. இரண்டு மொழிகளில் ஒலியொத்த சொற்களைக் கண்டவுடன் அவை உடன்பிறந்தன எனல் ஆராய்ச்சியன்று. அவ்விழுக்கை யாமே முதலாண்டில் ஒரு கட்டுரையிற் செய்து, ஆசிரியர் திருத்த நாணியதுண்டு. தன் துறையின் ஒழுங்கை முற்றக் கற்றவனே பிறர் துறையிற் பயனுறக் கடன்கொள்ளுவான்.

அதற்குச் சான்றாவார் ரொட்லர் ஐயர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், செடிகொடிகளைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினார். முதுமையில் தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். அதன் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது; 1836இல் அவர் மறைந்தபின் பிறர் அதனை முடித்தனர். செடியைத் திரட்டுதலும் சொல்லைத் திரட்டுதலும் வேறுவேறு தொழிலாயினும் வேண்டப்படும் குணம் ஒன்றே: உள்ளதை உள்ளவாறு காணல், பெயரிட்டு ஒழுங்குசெய்தல், ஐயம் தோன்றுமிடத்து ஐயம் என்றே எழுதுதல். இதுவே பலதுறையையும் இணைக்கும் நூல் எனத் துணிந்தோம்.

இனி எம்மை நகைத்தோர்க்கு விடை கூறுவோம். பயன் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே அறிவார் ஒருவருமிலர். ஆனால் இழப்பு எவ்வாறு வரும் என்பதை யாவரும் அறியலாம். ஓலையைச் செல் அரிக்கின்றது. திருப்பணியின்போது கல்லெழுத்துச் சிதைகின்றது. மூலிகையின் ஊர்ப்பெயரை அறிந்த பாட்டி மறைந்தால் அப்பெயரும் உடன் மறைகின்றது. இன்று படிப்பாரின்றி அழிந்த ஓர் ஏட்டை நாளை எவ்வளவு பெரிய ஆய்வுக்கூடமும் மீட்டுத் தராது. ஆதலின் ஒரு துறையைப் பயனற்றதென ஒதுக்குதல், பின்வருவோரின் வினாக்கட்கு விடை கிடைக்கும் வாயிலை அடைப்பதாம்.

தோழர்காள்! அடுத்த திங்களில் ஒரு நாள் மாலை, தாவரநூல் பயிலும் நண்பரோடு உய்யக்கொண்டான் வாய்க்காற்கரையில் நடக்க எண்ணியுள்ளோம். அவர் செடிகளின் இலத்தீன் பெயர் கூறுவார். யாம் சங்கநூற் பெயர் கூறுவோம். இருவரும் அறியாததை ஆடு மேய்க்கும் பெரியவர் கூறவும் கூடும். இல்லத்தார் அடுத்த விடுமுறையில் மீண்டும் வினவுவர்; அந்நாளில் அக்கரையிற் கண்டவற்றை எழுதிய ஏட்டையே விடையாக நீட்டுவோம்.