பேராசிரியரும் 410 ஓட்டும்

"நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது?" என்று குழுக் கூட்டங்களில் பேச்சு வருகிறது. அதற்குப் பதில், ராயபுரத்தை ஒட்டிய துறைமுகம் தொகுதியில் இருக்கிறது.

பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த க. அன்பழகன், 1957-இல் முதன்முறையாக எம்.எல்.ஏ. ஆனார். 2020-இல் மறையும்வரை மக்களுக்கு அவர் 'பேராசிரியர்'தான். சுகாதாரம், கல்வித் துறைகளுக்கு அமைச்சராகவும் இருந்தார்.

1996, 2001, 2006 மூன்று தேர்தலிலும் துறைமுகத்தில் ஜெயித்தார். 2006-இல் வித்தியாசம் வெறும் 410 ஓட்டு! குழுவுக்கு 15 பேர் என்றால் சுமார் 27 குழுக்கள்தான். அப்படி ஜெயித்தவர்தான் நிதியமைச்சராகி, ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கும் பட்ஜெட்டைச் சட்டமன்றத்தில் வைத்தார்.

யாருக்குப் போடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் வாக்காளர் பட்டியலில் நம்ம பேர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். தவறாமல் ஓட்டுப் போடுவோம்!