ஏணியும் ரப்பர் மரமும்

நெகிரி செம்பிலானிலுள்ள ரந்தாவ் வட்டாரத்தில் இன்று செம்பனை மரங்களே கண்ணில் படுகின்றன. முன்பு அங்கு ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. இளம் ரப்பர் மரத்தைத் தரையில் நின்றபடியே சீவலாம். பல ஆண்டுகள் சீவியபின் கீழ்ப்பட்டை தீர்ந்து, வெட்டுக்கோடு தலைக்கு மேலே சென்றுவிடும். அத்தகைய மரங்களைச் சீவத் தொழிலாளர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தனர். விடியற்காலை இருட்டு; பனியில் நனைந்த படிகள்; சமமில்லாத மண். கத்தியைப் பிடித்த கைகளுக்கு ஏணியைப் பிடிக்க ஏது வழி?

ஏணி குட்டையானதுதானே எனத் தோன்றலாம். ஆனால், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கலாம். அந்த அதிர்ச்சி முதுகெலும்பையும் தாக்கக்கூடும். அதனால்தான் குதிகால் முறிந்து வருபவரின் முதுகையும் மருத்துவர் சோதிக்கிறார். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். நாள்தோறும் நடந்தே மரம் சீவுபவருக்குக் குதிகால் முறிவு பிழைப்பையே முடக்கிவிடும். வேலையில் காயமடைவோருக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் வழங்கும் சொக்சோ, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது.

பின்னர், நீண்ட கைப்பிடியுள்ள கத்தி தோட்டங்களுக்கு வந்தது. அதனைக் கொண்டு தரையில் நின்றே, கீழிருந்து மேல்நோக்கி உயரப் பட்டையைச் சீவ முடிந்தது. மரத்தில் சாய்ந்திருந்த ஏணிக்கு அங்கே வேலை குறைந்தது.