புதிய மண்ணுக்குப் பரவிய பழைய விலங்கு



"எங்கள் பாட்டன் சஞ்சிக்கூலியாக வந்தவர்" என்று தோட்டப்புறப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜன்ஜி என்ற மலாய்ச் சொல்லே நம் வாயில் சஞ்சி ஆயிற்று. ஒப்பந்தம் என்பது அதன் பொருள். அந்த ஒப்பந்தம் எப்படிப் பிறந்தது? அதை எதிர்த்தவர்கள் யார்? இன்று அதைப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் உடனே இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். முதலில் மொரீஷியசுக்கு ஆள் அனுப்பப்பட்டது. 1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து சுமார் 400 பேரைத் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவுக்கு ஏற்றிச் சென்றன.

சங்கிலி இல்லை; கைநாட்டு இருந்தது. ஆனால், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டால் அது குற்றம், சிறை உண்டு. பெயர்தான் மாறியது.

இதைக் கண்ட கல்கத்தா குடிமக்கள் 1838 ஜூலை 10ஆம் நாள் நகர மண்டபத்தில் கூடி, இந்த வாணிபம் புதிய நாடுகளுக்குப் பரவக்கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1839இல் தடைச் சட்டமும் வந்தது. பொய் சொல்லியும் ஏமாற்றியும் ஆள் பிடித்ததை விசாரணைக் குழுவின் பெரும்பான்மையினர் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் முதலாளிகளின் வற்புறுத்தலால் 1842இல் மொரீஷியசுக்கும், 1844இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கதவு மீண்டும் திறந்தது.

அமெரிக்காவிலும் இதே போராட்டந்தான். 1854இல் கன்சாஸ், நெப்ராஸ்கா என்ற புதிய பகுதிகளுக்கு அடிமை முறை பரவ வழிசெய்த சட்டத்தை வடமாநில மக்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள்.

மலாயாவில் இந்தியருக்கான சஞ்சி முறை 1910இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜோகூர் பாரு வரை ரயில் பாதை எட்டியிருந்தது. காடழித்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம் அது. அதன்பின் ஜோகூருக்கு வந்தவர்கள் கங்காணி மூலம் வந்தார்கள். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் முன்பணமும் கடைக்கடனும் பலரை லயத்திலேயே கட்டிப்போட்டன.

இந்தியச் சட்டசபையில் 1912இல் கோகலே கொண்டுவந்த ஒப்பந்தக்கூலி ஒழிப்புத் தீர்மானம் தோற்றது. எதிர்ப்பு ஓயவில்லை. 1917இல் ஆள் அனுப்புவது நின்றது. 1920இல் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

நேயர்களே, நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். தரகர் கடன் அவர்களையும் அழுத்துகிறது. பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே, யாராயினும் படித்துக் கேட்காத தாளில் கையெழுத்திட வேண்டாம். நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஐயம் இருந்தால் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். பக்கத்து லயத்துக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். நமக்காக முன்பின் அறியாதவர்கள் அன்று குரல் கொடுத்தார்கள் அல்லவா?